பிளீச்சிங் சிஸ்டரின் கத்தரி வார்டு

கத்தரிச் செடிக்குப் பார்வையாளர் நேரம் வைத்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து விருதுநகர் மாவட்டத்திலேயே பிளீச்சிங் சிஸ்டர்தான். காலையில் கொஞ்ச நேரம் வரப்பில் நின்று பார்க்கலாம். அதற்குப் பிறகு ஆடு எட்டிப் பார்த்தாலும் அதற்கும் திட்டு விழும்.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆமத்தூர் பக்கம், எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு மேட்டுப் பக்கமாக நிலம் வாங்கிக் கத்தரி போட்டிருந்தார். நுழைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். காலையும் களைக்கொத்தையும் அதில் முக்கிவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். பட்டாசு கம்பெனியில் வேலை இல்லாத நாட்களில் களையெடுக்க வரும் பெண்கள், கம்பெனியின் வெடிமருந்து ரூமில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று நொந்துகொள்வார்கள். காலில் ஒட்டிய மண்ணோடுதான் கிருமி வரும் என்பார் சிஸ்டர். நோயே வராத தோட்டத்தில் இத்தனை அமர்க்களமா என்று நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் சர்ச்சுக்குப் போயிருந்தார். வெயில் ஏறியதும் அவருடைய கத்தரியில் சில செடிகள், இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிட்டன. கிணற்றில் பங்குள்ள மாரியப்பன் அதைப் பார்த்தார். மழைக்கு ஏங்கியே வளர்ந்த எங்கள் ஊரில் செடி வாடினால் காரணம் ஒன்றுதான், தாகம். கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போய்விடும். மாரியப்பனும் பாவப்பட்டுப் போட்டுவிட்டார்.

தண்ணீர் கத்தரிக்குள் பாய்ந்து, மிச்சம் பள்ளத்தில் இருந்த என் தக்காளியைப் பார்த்து வந்தது. காய் பிடித்த தக்காளி. அந்த வருஷம் எங்கள் வீட்டின் மொத்த நம்பிக்கையும் அதுதான். ஓசியில் ஒரு தண்ணீர் கிடைத்தது என்று நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சிஸ்டர் வந்தார். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டைக் குறுக்கே வெட்டி, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, நூல் நூலாகப் பால் போல இறங்கியது. பாட்டிலை எறிந்துவிட்டு ஓடி வந்தவர், என் தோட்டத்துக்குள் தண்ணீர் திரும்புகிற மடையில், சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே மாரி, மோட்டார அமத்துலே."

மாரியப்பன் கிணற்றுக்கு ஓடினார். தண்ணீர் சிஸ்டரின் முதுகில் முட்டி இரண்டு பக்கமும் வழிந்தது. நான் கைகொடுக்கப் போனேன்.

"தம்பி, இங்கன வராத. ஒன் தோட்டத்து மண்ண வெட்டி, அங்கன இருந்தே வீசு."

வீசினேன். பாதி மடையில் விழுந்தது, பாதி சிஸ்டர் மடியில். மோட்டார் நிற்பதற்குள் என் முதல் வரிசை நனைந்துவிட்டது.

வாடிக் கிடந்ததே என்றுதான் தண்ணீர் விட்டேன் என்றார் மாரியப்பன் பரிதாபமாக.

"தண்ணியில்லாம வாடலலே. பாட்டில்ல பாலா எறங்குச்சே, அதுதேன் கிருமி. வேருல உள்ள காயம் வழியா கிருமி ஏறி, தண்ணி போற குழாய அடச்சுருச்சு. எம்புட்டு ஊத்துனாலும் மேல ஏறாது. ஊத்துற தண்ணிதேன் அடுத்த செடிக்குத் தூக்கிட்டுப் போகும், தக்காளியையும் விடாது."

அன்றைக்கே தன் கத்தரி முழுவதையும் பிடுங்கி எரித்தார், நன்றாக நின்ற செடிகளையும் சேர்த்து. அழுதுகொண்டேதான் பிடுங்கினார். பிறகு தினமும் உச்சி வெயிலில் வந்து என் வரப்பில் நிற்பார். ஒரு இலை தொங்கினாலும் இருவரும் குனிந்து அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருப்போம். மடையோரத்துச் செடிகள் மட்டும் போயின. அவற்றையும் அவரே பிடுங்கினார். மற்றவை பழுத்தன.

அந்தக் கிருமி மண்ணிலேயே கிடக்குமாம், சோளத்தைத் தொடாதாம். அதனால் அவருடைய நிலத்தில் இப்போது சோளம்தான் நிற்கிறது. சோளத்தைப் பார்க்க அவர் அதிகம் வருவதில்லை. போன வாரம் அவர் வீட்டுக்கே போய், என் தோட்டத்தில் மடைக்கு எட்டாத கோடியில் கத்தரி போடச் சொல்லிக் கூட்டிவந்தேன். என் தக்காளிக்குப் பாதி இடம் குறைந்தால் குறையட்டும். கத்தரி இல்லாத சிஸ்டரைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.