ஏழு கிலோ காகிதத்தோடு கடற்கரைக்குப் போனவர்

கடற்கரைக்கு ஏழு கிலோ காகிதம் தூக்கிக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஓட்னர் அண்ணை. எடையை நான் சொல்லவில்லை. விமான நிலையத்துத் தராசு சொன்னது.

ஓட்னர் என்றால் ஜெர்மன் அரசாங்கக் கந்தோர்களில் அடுக்கி வைத்திருக்கும் தடித்த கோப்பு. அகதியாக வந்த எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்று அலுமாரியில் இருக்கும். அண்ணையுடையது தோள்பையில் இருக்கும். அதுவும் இரண்டு. கோயிலுக்கும் வரும், கலியாண வீட்டுக்கும் வரும். எசன் நகரத்தில் ஒரு உணவகத்தில் நானும் அவரும் இருபது வருடம் தட்டும் கோப்பையும் கழுவினோம். தொட்டிக்கு மேலே ஆணி அடித்துப் பையைத் தொங்கவிட்டிருப்பார். ஒருநாள் அடுப்படியில் தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். அவர் உள்ளே ஓடினார்.

"விசரே அண்ணை உங்களுக்கு?"

"நான் எரிஞ்சால் சாம்பலாவது மிஞ்சும். இது எரிஞ்சால் ஒண்டும் மிஞ்சாது."

சும்மா வந்த பழக்கம் இல்லை. வந்த புதிதில் அவரிடம் இருந்தது டுல்டுங். இப்போதைக்கு இருக்கலாம், நாளைக்குப் போகச் சொல்வோம் என்று எழுதிய தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று நீட்டிக்க வேண்டும். ஒருமுறை கந்தோரில் இருந்த பெண், நீ தந்த கடிதம் எங்களிடம் இல்லை என்றாள். அண்ணையிடம் நகல் இல்லை. எல்லாம் முதலில் இருந்து. அந்த இழுபறியில் ஊரில் அவருடைய அம்மா செத்துப்போனார். போக முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் பேருந்துச் சீட்டைக்கூட எறியவில்லை.

அந்தக் கந்தோருக்கு எதிரே விமானச் சீட்டு விற்கும் கடை. கண்ணாடியில் ஒரு பெரிய படம். நீலக் கடல், கரையில் கல் கோயில். மெக்சிகோவில் மாயா சனங்கள் கட்டியது. பதினொரு வருடம் குளிரில் நின்று அண்ணை பார்த்தது அதைத்தான். கடைக்காரன் படத்தை மாற்றவில்லை. அண்ணையின் விண்ணப்பம் போலவே அதுவும் அங்கே கிடந்து வெளிறியது.

"பாஸ்போட் கிடைக்கட்டும். அந்தக் கோயிலுக்கு முன்னால போய் நிப்பன்" என்பார்.

கிடைத்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. தனியே போகப் பயம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடல் நீலமாக இல்லை. மண்ணிறம். கரை முழுக்க அழுகிய சாதாளை. அந்தக் கடற்பாசியை ஊர்ச்சனங்கள் வெயிலில் நின்று வாரிக்கொண்டிருந்தார்கள். படத்தில் அதுவும் இல்லை, அவர்களும் இல்லை.

விடுதியில் கையில் ஒரு பட்டி கட்டினார்கள். அதைக் காட்டினால் சாப்பாடு, குடி எல்லாம் தாராளம். அண்ணை வரவேற்பு மேசையை விட்டு அசையவில்லை.

"இது அறுந்தால் நான் என்னத்தைக் காட்டுறது? எழுதித் தரச் சொல்லு."

"அண்ணை, இது விடுதி. அகதி முகாம் இல்லை."

"முகாமிலயும் முதல் நாள் இப்பிடித்தான் சிரிச்சவை."

எழுதித் தந்தார்கள். முத்திரையும் குத்த வைத்தார். காலையில் முட்டை பொரிப்பவனிடம் அதை நீட்டுவார். முதல் நாள் அவன் பயந்தான். மூன்றாம் நாள் அவனே கை நீட்டி வாங்கி வாசித்துவிட்டுத் தலையாட்டினான். கடலில் முழங்கால் மட்டும் இறங்கினார், பை தலையில். அவர் ஏதோ விற்க வருகிறார் என்று ஒரு வெள்ளைக்காரர் நினைத்து, வேண்டாம் என்று கையசைத்தார்.

நாலாம் நாள் பேருந்தில் கோயிலுக்குப் போனோம். ஜெர்மன் பேசும் வழிகாட்டிப் பெண் வந்தாள். மாயா ஆட்கள் எல்லோரும் எங்கே மறைந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். "மறையவில்லை. நான் மாயாதான். உங்கள் அறையைக் கூட்டுவது என் அக்கா" என்றாள்.

அண்ணை கையை உயர்த்தினார். "அதற்குக் காகிதம் இருக்கிறதா?"

இல்லை என்று சிரித்தாள். அண்ணை சிரிக்கவில்லை. "பாவம், என்னெண்டு நிரூபிக்கப் போகுது" என்றார் என்னிடம்.

வாசலில் பிடித்தது சனி. பெரிய பை உள்ளே விடமாட்டார்களாம். மேசையில் கொடுத்துவிட்டுத் துண்டுச்சீட்டு வாங்கச் சொன்னான் காவலாளி.

"ஏலாது" என்றார் அண்ணை. தமிழில்தான். அவனுக்கு விளங்கியது.

மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் பேருந்து திரும்பிவிடும். அண்ணை ஒரு மரத்துக்குக் கீழே போய் இருந்தார்.

"நீ போய்ப் பார் தம்பி. நான் இதில இருக்கிறன்."

"பதினொரு வருசம் பாத்த படம் அண்ணை."

"ஓம்."

"என்னட்டத் தாங்கோ."

இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதை என் கையில் தந்ததில்லை. என்னை இருத்திப் பையை மடியில் வைத்தார்.

"ஒண்டுக்கும் எழும்பக் கூடாது."

"எழும்ப மாட்டன்."

"ஆர் கேட்டாலும் குடுக்கப்படாது."

"இங்க ஆர் அண்ணை கேக்கப் போறான்?"

"நானும் ஒருக்கால் அப்பிடித்தான் நினைச்சனான்."

போனார். மூன்று தரம் திரும்பிப் பார்த்தார்.

நான் கோயிலைப் பார்க்கவில்லை. பையைத் திறந்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அவருடைய சொந்தப் பெயரையே அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது கோப்பின் பின்பாதியில் தமிழில் "தம்பி" என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே என் விசா முடிவு, என் முதல் சம்பளத் துண்டு, மீசை அரும்பிய என் படம். எனக்குப் படிவம் நிரப்பித் தந்தபோதெல்லாம் ஒவ்வொரு நகல் எடுத்து வைத்திருக்கிறார். நான் அந்த மூலத் தாள்களைத் தொலைத்தவன். பையைப் பார்த்து அதிகம் சிரித்தவனும் நான்தான். தீப்பிடித்த அன்று அவர் உள்ளே ஓடியது நினைவுக்கு வந்தது. மூடி வைத்தேன்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்.

"பாத்தனீங்களோ?"

"பாத்தன். கயிறு கட்டியிருக்கு, முன்னால போக விடேல்லை. அங்கயும் வரிசைதான்." பையை வாங்கினார். "திறந்தனியோ?"

"இல்லை."

போன மாசியில் அண்ணை செத்துப்போனார். அடக்கத்துக்குக் கந்தோரில் கேட்ட காகிதங்கள் எல்லாம் பையில் வரிசையாக இருந்தன. இப்படி ஒரு கோப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றாள் அங்கே இருந்த பெண். அதில் இல்லாதது ஒரு தாள்தான், இறப்புச் சான்றிதழ். அவள் தந்ததும் துளை போட்டுக் கடைசியில் செருகினேன்.

பிறகு திரும்பிப் போய் அந்தத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்தேன்.