ரத்தச் சீட்டு படிக்கும் ஈயம்

கசன்லுக் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைவிட தனாஸ் வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். நிற்க இடம் கிடைத்தாலே புண்ணியம் என்று நெருக்கியடித்தார்கள்.

தனாஸ் நோயாளியின் தலையில் சிவப்புத் துணியைப் போர்த்துவார். அதற்கு மேலே தண்ணீர்ச் சட்டியைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். 'சுர்ர்' என்று சத்தம் வரும்; உறைந்த ஈயத்தின் உருவத்தைப் பார்த்து நோயைச் சொல்வார். பயந்த குழந்தைகளுக்குப் பயம் தெளிய அந்தப் பக்கத்தில் காலங்காலமாகச் செய்வதுதான். தனாஸ் அதை முன்னேற்றிவிட்டார். இப்போது ஈயம் புற்றுநோய் ரத்தப் பரிசோதனையையும் படிக்கிறது! என்ன, ஆய்வகச் சீட்டை முதலில் தனாஸ் கையில் கொடுத்துவிட வேண்டும். ஈயத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது போலும்.

ராய்னாவுக்குச் சினைப்பையில் புற்று. அறுவை முடிந்து மூன்று முறை மருந்து ஏற்றியாயிற்று. ரத்தத்தில் புற்றின் அறிகுறியாகப் பார்க்கும் சி.ஏ. 125 என்கிற எண் 640இலிருந்து 31க்கு இறங்கியிருந்தது.

"முப்பத்தஞ்சுக்குக் கீழ வந்தா புற்று செத்துப்போச்சுன்னு அர்த்தம். என் ஈயம் கொன்னுடுச்சு. இனி அந்த விஷத்த ஏத்திக்காத மகளே" என்றார் தனாஸ்.

முடி கொட்டி, வாய்க்கு ருசி செத்து, வாந்தியில் துவண்டிருந்த ராய்னாவுக்கு அது தேனாக இனித்தது. ரத்தம் எடுக்கும் நர்ஸ் ஸ்டாங்காவிடம் போய், "வியாழக்கிழமை மருந்து ஏத்த வரமாட்டேன்டி" என்றாள்.

ஸ்டாங்கா திட்டவில்லை. "முதல்ல என்னையும் ஒருதடவ அங்க கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள்.

மறுநாள் ராய்னாவோடு போன ஸ்டாங்கா, பெயர் இருந்த பகுதியை உள்ளே மடித்து, தன்னுடையதுபோலத் தனாஸிடம் ஒரு சீட்டை நீட்டினாள். எண் 310. தனாஸ் பெருமூச்சு விட்டார். ஈயம் சீறியது.

"இடது சினைப்பை. கோழிமுட்டை அளவு. ஏழு தடவ ஊத்தணும்."

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

"நல்லாப் பாருங்கய்யா. இடதா, வலதா?"

"ஈயம் பொய் சொல்லாது!"

ஸ்டாங்கா மடிப்பை விரித்தாள். "இது என் புருஷன் கமெனோட ரத்தம். குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டு, வயித்துல தண்ணி கோத்துக் கிடக்காரு. அவருக்குச் சினைப்பை இருக்குன்னா, இருபது வருஷமா என்கிட்டயே மறைச்சுட்டாரே மனுஷன்!"

கூடம் அதிரக் கூட்டம் சிரித்தது.

"அது... அவரு அம்மாவோட நோய்" என்று தனாஸ் தடுமாறினார்.

"அப்ப செத்தவ கல்லறையத் தோண்டியா ஊத்துவீரு?" என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

ராய்னா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அறுநூத்தி நாப்பத முப்பத்தொண்ணுக்கு யாருடி இறக்குனது?"

"மருந்துதாங்கக்கா. இறங்குனது நல்ல சேதிதான். ஆனா அந்த எண் ஈரல் கெட்டாலும் ஏறும், மாதவிலக்கு நேரத்துலகூட ஏறும். உள்ள கண்ணுக்குத் தெரியாத புற்றுத் துணுக்கு மிச்சம் இருந்தாலும் குறைவாவே காட்டும். அதான் டாக்டர் ஸ்கேனையும் சேத்துப் பாத்துட்டு, இன்னும் மூணு தடவ ஏத்தணும்ங்கிறாரு."

"வாந்திய நெனச்சாலே பயமா இருக்குடி."

"பாத்திரத்த நான் பிடிச்சுக்கிறேன்."

வியாழக்கிழமை ஸ்டாங்காவுக்கு விடுமுறை. ஆனாலும் வந்து, சொன்னபடியே பிடித்துக்கொண்டாள். புருஷனின் குடியை ஊர் நடுவே போட்டு உடைத்தது தன் உயிருக்காகத்தான் என்று அன்றுதான் ராய்னாவுக்கு உறைத்தது. அற்புதம் பார்க்க அலைகிறவர்கள் அந்த வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே எதுவும் சீறவில்லையே!

தனாஸ் வீட்டில் கூட்டம் குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. அந்தப் புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை: கடவுள் தந்த மூளையைப் பயன்படுத்தினால் அவர் கோபிக்க மாட்டார். புத்தம் புதுசாக அப்படியே திருப்பிக் கொடுத்தால்தான் என்ன கேட்பாரோ!