உங்கள் கோட்டு சௌக்கியம்

மெரிமாக் ஆற்றங்கரை,
1848 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை

மதிப்பும் பாசமும் மிக்க மூத்த அண்ணன் ஜோத்தாம் பெட்டிங்கில் அவர்கள் சமூகத்துக்குத் தம்பி அசாயல் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இவ்விடம் நான், என் மகள் திர்சா, தாங்கள் இரவல் கொடுத்த கோட்டு ஆக மூவரும் சௌக்கியம். அவ்விடம் அண்ணியாரும், தங்கள் முதுகுப் பிடிப்பும், அந்த முட்டுகிற கடாவும் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆவல்.

தாங்கள் இட்ட கட்டளை இரண்டும் எனக்கு மனப்பாடம். துணி மில் வேலையிலிருந்து திர்சாவை விடுவித்து வியாழக்கிழமை கோச்சு வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும், தாங்கள் வாக்குக் கொடுத்தபடி அவளை மூப்பர் ஸ்ப்ரேக் மகன் எலிஃபலெட்டுக்குக் கட்டிவைக்க வேண்டும், இது ஒன்று. கோட்டைப் போட்டுக்கொண்டு எதிலும் சாயக் கூடாது, மழையில் நிற்கக் கூடாது, கையை நீட்டிக் கும்பிடு போடக்கூட யோசிக்க வேண்டும், இது இரண்டு. "பொண்ணு வராட்டாக்கூடப் பரவால்லடா, கோட்டு வந்தாகணும்" என்று வண்டி கிளம்பும்போது தாங்கள் சொன்னதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன். முன்னூறு மைல் ஊர் ஊராகச் சுற்றி நெய்துகொடுத்த நெசவாளி ஒருவர் நெய்தது, அந்த மீன்முள் வரியை ஊரில் இன்னொருவராலும் நெய்ய முடியாது என்பதெல்லாம் இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதன்மேல் ஒரு பயபக்தி உண்டு.

இங்கே வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். திர்சா தங்கியிருக்கும் விடுதியை நடத்துகிற பேக்லி அம்மாள் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், "உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா திங்களும் புதனும் சாப்பிட்ட கையோட எங்கயோ கிளம்பிடுறா, எங்க போறேன்னு கேட்டா சிரிக்கிறா" என்று சொல்லி, அவள் தலையணைக்கடியில் கிடந்த தாள்களைக் கொண்டுவந்து காட்டினாள், பார்த்தால் அண்ணா, தாள் முழுக்கக் கட்டம், கட்டத்துக்குள் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, ஒவ்வொரு தாளின் கீழும் தேதி. சொக்கட்டானில் காய் நகர்த்தினால்கூடப் பாவம் என்று நம் அப்பா அடித்து வளர்த்த குடும்பம், இவள் என்னடா என்றால் ஆடிய ஆட்டத்தையெல்லாம் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறாள், எவனோ ஒருவனோடு சூதாடுகிறாள், எலிஃபலெட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்!

நேற்று சாயங்காலம் மில் மணி அடித்து அவள் சாப்பிட்டுக் கிளம்பியதும் தெருவோரம் ஒளிந்து நின்று பின்தொடர்ந்தேன். விடிவதற்குமுன் போன பெண்கள், பதின்மூன்று மணி நேரம் தறியோடு நின்ற கால்கள், ஆனாலும் என் மகள் ஓடுகிறாள் அண்ணா, நடக்கவில்லை. அவள் நுழைந்த இடம் ஒரு தேவாலயத்தின் நிலவறை. அதுவும் நம் சபை இல்லை, அந்த இன்னொரு சபை. இதற்குச் சூதாட்டமே தேவலை என்று நினைத்துக்கொண்டு, "எவன்டா அவன்?" என்று கத்தியபடி கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒருவனும் இல்லை. முப்பத்தெட்டுப் பெண்கள். தலைமுடியில் பஞ்சு, கையில் தறி எண்ணெய்க் கறை, முன்னால் அதே கட்டம் போட்ட தாள். நான் கத்தியதற்கு ஒருத்திகூடத் திடுக்கிடவில்லை, மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவள்கூட எழவில்லை, தறிச் சத்தத்தில் வாழ்கிறவர்களுக்கு என் சத்தமெல்லாம் எம்மாத்திரம். தூரத்து பெஞ்சியில் இருந்தவள் வாயை மட்டும் அசைத்தாள், இந்தப் பக்கம் இருந்தவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். மில்லில் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம், நான் ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினேன். பிறகுதான் திர்சா சொன்னாள், "'வந்திருக்கிற கிழவரு யாரு, திர்சா மூக்கு மாதிரியே இருக்கே'ன்னு கேக்குறாங்கப்பா."

பாடம் சொல்லிக்கொடுப்பவர் லொவீசா கிரேன் என்ற அம்மாள், எலும்பும் தோலுமாக இருப்பார், பார்வை மட்டும் ஊசி. அந்தக் கட்டங்கள் ஆட்டமே இல்லை. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று துணி நெய்வதற்கு முன்னால் தாளில் போட்டுப் பார்க்கிற கணக்கு. "ஐயா, சரியான நேரத்துக்கு வந்தீங்க, நாங்க வீட்டுத் தறித் துணி பாத்து நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் என்னை நடுவில் நிறுத்தினார். கண் நேராகத் தங்கள் கோட்டுக்குத்தான் போனது. நான் இரண்டடி பின்வாங்கி, "இது என்னுதில்லம்மா, எங்க அண்ணனுது, வேணும்னா என் உள்கோட்டை எடுத்துக்கோங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆகையால் தாங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இனி சொல்லப்போவதை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. திர்சா என் உள்கோட்டு ஓரத்தில் ஓர் அங்குலத்தை வெட்டி, பூதக்கண்ணாடியை வைத்து, ஊசியால் ஒவ்வோர் இழையாகப் பிரித்தாள். கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தாள். "இத நெய்தவருக்கு இடது கால்ல ஏதோ கோளாறு. ஒண்ணு விட்டு ஒரு ஊடை, அதான் குறுக்கு இழை, தளர்வா விழுந்திருக்கு. தறி மிதிகட்டையை அந்தக் காலால மிதிக்கிறப்போ அவருக்கு வலிச்சிருக்கு" என்றாள்.

அண்ணா, அதை நெய்தது நொண்டி ஹோசியா. மரம் விழுந்து இடது கால் நசுங்கிய ஹோசியா. திர்சா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அவரைப் புதைத்துவிட்டோம். அவர் பெயரைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை. பெஞ்சியைப் பிடித்துக்கொண்டேன் (கோட்டு படாமல்தான்). இருபத்தொரு வருஷமாக அந்தத் துணியை மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறேன், எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிகிறது? நான் பெற்ற பிள்ளைதானா இது?

திரும்பி வரும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். நாளை புதன்கிழமை பரீட்சை. முதல் மூன்று பேருக்கு மில்லின் மாதிரி வரையும் அறையில் இடம். நாற்காலி உண்டு, ஜன்னல் உண்டு, நாள் முழுக்க நிற்க வேண்டாம். இதுவரை பெண்களை அந்த அறைக்குள் விட்டதே இல்லை. "பரீட்சை மட்டும் எழுதிக்கிறேம்ப்பா. ஜெயிச்சா என்னை இங்கயே விட்டுடுங்க" என்றாள். நான் தங்கள் தம்பி அல்லவா, "பெரியப்பா வாக்குக் கொடுத்திருக்கார், எழுதுறதுன்னா எழுது, வியாழக்கிழமை வண்டி ஏறியாகணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்று தாளை மடித்து வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

ஆகவே கட்டளைப்படி வியாழன் கோச்சில் பெண்ணும் கோட்டும் பழுதில்லாமல் வந்துசேரும். எலிஃபலெட்டைத் தாடியைச் சிரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணியார் பாதத்துக்கு என் வணக்கம், மந்தைக்கு என் விசாரிப்பு, கர்த்தர் தங்கள் முதுகையும் மனதையும் இளகப்பண்ணுவாராக.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
அசாயல்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. மேலே எழுதியதில் என் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் மாறிப்போச்சு. புதன்கிழமை சும்மா துணைக்குத்தான் போனேன். பரீட்சையில் பிரித்துப் பார்த்துக் கட்டத்தில் எழுதப் புதுத் துணி தருவதாகச் சொன்ன மில்காரர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். துணி இல்லை என்றால் பரீட்சை இல்லை, அடுத்தது வசந்தத்தில்தான். உடுத்தியிருந்ததைப் பிரிக்கலாம் என்றால் எல்லாம் அவர்களே நெய்த ஒரே சாதாப் பருத்தி, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கிரேன் அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்தெட்டுப் பேரும் மெல்ல எழுந்து சால்வையைத் தேடினார்கள். அந்தக் கால்களைப் பார்த்தேன் அண்ணா. "கத்தரிக்கோல் எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டது என் வாய்தான். "அப்பா! அது பெரியப்பா கோட்டு!"ன்னு திர்சா கத்தினாள். "தெரியும்டி, நீ உக்காரு"ன்னு சொல்லி என் கையாலேயே வெட்டினேன், ஆளுக்கு இரண்டு அங்குலம், முப்பத்தெட்டுத் துண்டு. முதலாவதாக வந்தவள் திங்கட்கிழமை பாடத்தில் குறட்டை விட்டவள். திர்சா இரண்டாவது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள், சுழலுமாம்.

யாராலும் நெய்ய முடியாது என்று தாங்கள் சொன்ன மீன்முள் வரியை முப்பத்தெட்டுப் பேரும் தாளில் எழுதிவிட்டார்கள். திர்சா எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், முதல் மாதிரியாக அதையே நெய்யச்சொல்லித் தங்களுக்கு அனுப்புவாளாம். எலிஃபலெட் தாடியைச் சிரைக்க வேண்டாம். பெண் வராவிட்டாலும் கோட்டு வந்தாக வேண்டும் என்றீர்களே, அதன் ஆறு பொத்தான்களும் உறையில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.