வியாழனுக்கு மறுநாள்

பிளானோ, டெக்சாஸ்
நவம்பர் 1998

மாமோவ்,

உங்கள் பர்வதம் எழுதிக்கொள்வது. இங்கே மகனும் மருமகளும் சுகம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுத வந்தேன். பதில் யார் போடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் பகலில் போய் உட்கார்ந்திருந்தீர்களே, பெரியவர்கள் டேகேர், அதற்கென்று மகிழன் ஆபீஸில் சொல்லி, வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து மாசாமாசம் எடுத்து வைத்திருந்தானாம். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. டிசம்பருக்குள் செலவாகாவிட்டால் போயே போய்விடும். நீங்களோ மூன்று மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஆகஸ்டில் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டீர்கள். பணம் அப்படியே நிற்கிறது.

கலாவதிதான் யோசனை சொன்னாள். "அத்தை, மாமாவுக்குப் பதிலா நீங்க போங்க. வீட்ல தனியா அழுதுட்டு உக்காந்திருக்கறதுக்கு அங்க நாலு பேராவது இருப்பாங்க." எனக்கும் ஆசைதான், நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் ஒருநாளாவது உட்கார. ஆனால், தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவள் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் பணம் தருவார்களாம்.

போனோம். எதையும் செய்யாமல் சும்மா இருங்கத்தை என்று காரிலேயே படித்துப் படித்துச் சொன்னாள். டாக்டர் அமெரிக்காக்காரர். அவர் கேட்பதை இவள் தமிழிலும், நான் சொல்வதை இங்கிலீஷிலும் சொன்னாள். சமைப்பீர்களா என்றார். இதென்ன கேள்வி என்று ரோசம் வந்து, மதியத்துக்குக் கட்டிப்போன அரிசிம்பருப்புச் சோற்றை மேஜையில் திறந்து வைத்தேன். பட்டன் போடத் தெரியுமா என்றார். அவர் கோட்டிலேயே ஒன்று தொங்கியது, "ஊசிநூல் இருக்குதுங்களா?" என்றேன். கலாவதி தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் இன்றைக்கு என்ன கிழமை என்றார். அன்றைக்குப் பார்த்து உங்கள் பேரில் பாதி வருகிற கிழமை! "வியாழனுக்கு மறுநாளுங்க" என்றேன். வீட்டுக்காரர் பேரென்ன என்றார். அதை நான் எப்படிச் சொல்வேன்? "கோயமுத்தூருக்கு மேக்க ஒரு மலை இருக்குதுங்க, ஏழு மலை தாண்டி ஏறோணும், சிவன் இருக்கறாருங்க" என்று கையை உயர்த்திக் காட்டினேன். கலாவதி வாயைத் திறந்தாள். நீ சொல்லிக்கொடுக்காதே என்று டாக்டர் தடுத்துவிட்டார். என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாஸ் பண்ணிட்டீங்க அத்தை!"

"அப்படி என்ன கண்ணு எழுதியிருக்கறாரு?"

சிரிப்பு நின்றது. "கிழமை தெரியலை. புருஷன் பேரு மறந்துபோச்சு... சும்மா ஒரு ஃபார்ம்தானுங்கத்தை."

ஆமாம், சும்மா ஒரு ஃபார்ம்தான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேன் வருகிறது. பிள்ளையின் பணம் தப்பியது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குலசாமி புண்ணியத்தில் அங்கே உங்களுக்கு வேளைக்கு வெந்நீரும் வெற்றிலையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பர்வதம்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களை மறந்தவள் என்று ஒரு காகிதம் இந்த ஊரில் இருக்கக்கூடாது. கலாவதியை இழுத்துக்கொண்டு டாக்டரிடமே போனேன். வெள்ளியங்கிரி என்றேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட கிழமை வெள்ளிக்கிழமை என்றும் சொன்னேன். அவர் ஃபார்மைக் கிழித்துப் போட்டார். பணம் போனால் போகட்டும் என்று மகிழனும் சொல்லிவிட்டான். கட்டிக்கொண்டு முப்பத்தெட்டு வருசத்தில் நான் ஒருதடவைகூடச் சொல்லாத பேர். சத்தமாகத்தான் சொன்னேன். யாரோ கூப்பிடுகிறார்களே என்று திரும்பிப் பார்த்தீங்களா, மாமா?