சோபாவுக்காக முள் களைந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. இருந்த ராஜாவை எப்பவோ அனுப்பி வச்சுட்டு, குடியிருப்போர் நலச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சுக்கிட்டாங்க. சங்கத் தலைவர் சிறுத்தை. ஓட்டு யாரு போட்டாங்கன்னு கேக்காதீங்க. போடாதவங்க இப்ப உயிரோட இல்ல.

அந்தக் காட்டுல குத்தாலிங்கம்னு ஒரு முள்ளம்பன்றி. முதுகு நிறைய முள்ளு, ஒவ்வொண்ணும் ஒரு சாண் தாண்டும். அவங்க அப்பா காலத்துல, சிறுத்தையோட அப்பா ஒரு நாள் தெரியாத்தனமா இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சு, மூஞ்சி பூரா முள்ளு வாங்கிக்கிட்டு, மூணு மாசம் கஞ்சியை உறிஞ்சிக்கிட்டுக் கிடந்தாராம். அன்னையிலேருந்து சிறுத்தை வம்சத்துல ஒருத்தரும் அந்தத் தெருவுல கால் வைக்கிறதில்ல. குத்தாலிங்கமும் அவரு சம்சாரம் பேச்சியம்மாளும் கதவைத் திறந்து போட்டுட்டு மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குவாங்க. அந்தக் காட்டுலயே அப்படித் தூங்குற குடும்பம் அது ஒண்ணுதான்.

நல்லா இருக்கிறவனுக்குத் தான் நல்லா இருக்கிறது தெரியாது. குத்தாலிங்கத்துக்கு இது பெரிய மானக்கேடாப் பட்டுச்சு.

"தலைவர் எல்லார் வீட்டுக்கும் போயி காபி குடிக்கிறாரு. நம்ம வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பாக்கறதில்லையே, ஏன் பேச்சி?"

பேச்சியம்மா கிழங்கு சீவிக்கிட்டே சொன்னா: "போன மாசம் புள்ளிமான் வீட்டுக்கு வந்தாரு. இப்ப அந்த வீடு பூட்டிக் கிடக்கு. போயி பாத்துட்டு வாங்க."

"அது வேற கதை. வந்தாரா, இல்லையா? மான் ஹால் அப்படி. பாத்தவங்க வந்துதான் ஆகணும். நம்ம ஹாலைப் பாரு, தூ!"

"அவரு வராததுக்குக் காரணம் ஹால் இல்லைங்க. உங்க முதுகு."

இதைவிட ஒருத்தி எப்படிங்க தெளிவாச் சொல்லுவா? மனுஷன் காதுல வாங்கணுமே.

அந்த ஹாலுக்கு என்ன குறைச்சல்ங்கிறேன்? ஒரு மரபெஞ்சு. ரெண்டு பிளாஸ்டிக் சேரு, முதுகு சாயுற இடம் முள்ளு பட்டுப் பட்டு சல்லடையாப் போனது. ஒரு ட்யூப்லைட்டு. செவத்துல கல்யாண போட்டோ. கண்ணாடி ஷோகேஸுக்குள்ள யாரோ எப்பவோ மொய்க்குக் குடுத்த கப்பு சாசரு செட்டு, அட்டைப்பெட்டியைக் கூடப் பிரிக்காம. உக்காரணும்னா உக்காரலாம், படுக்கணும்னா படுக்கலாம். ஹால்னா அதுக்குத்தானே? அது பழசாப் போச்சாம் இவருக்கு.

வந்து சேர்ந்தான் வசீகரன். ஓணான். நேத்து வரைக்கும் வேலியில உக்காந்து போறவன் வர்றவனுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு இருந்த பய. இன்னைக்குக் கையில ஒரு டேப்பு, காதுல ஒரு பென்சிலு, இன்டீரியர் டிசைனராம்! வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதேன்னு சொல்லி வச்சாங்க. எவன் கேக்குறான்? இவரு கூப்பிட்டு சேரு போட்டு உக்கார வச்சாரு.

ஓணான் ஹாலை ஒரு சுத்து பாத்துச்சு. உதட்டைப் பிதுக்குச்சு.

"சார், கோச்சுக்காதீங்க. இது ஹால் இல்ல சார். பஸ் ஸ்டாண்டு."

அவ்வளவுதான். குத்தாலிங்கம் கூனிக்குறுகிப் போயிட்டாரு. "என்ன செய்யலாம் தம்பி?"

"எல்லாத்தையும் தூக்கிரணும் சார். காலியா இருக்கணும். காலியா இருந்தாத்தான் கௌரவம்."

தூக்கிட்டாங்க. பெஞ்சு போச்சு, சேரு போச்சு, ஷோகேஸு போச்சு. கல்யாண போட்டோ தீமுக்கு ஒத்து வரலைன்னு சொல்லிட்டான், அதுவும் போச்சு. அந்த இடத்துல மூணு கோடு போட்ட ஒரு படம் வந்துச்சு. என்ன படம்னு பேச்சியம்மா கேட்டதுக்கு, "அது பாக்குறவங்க மனசைப் பொறுத்தது மேடம்"னான். செவத்துக்கு சாம்பல் கலரு. பேச்சியம்மா ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு, "பெயின்ட் எப்பங்க அடிப்பாங்க?"ன்னு கேட்டா. அடிச்சு முடிச்சாச்சு, அதுதான் பெயின்ட். கூரை ஒழுகுச்சு. அதைச் சரி பண்ணாம, அதுக்குக் கீழ இன்னொரு பொய்க்கூரையை மாட்டி, அதுக்குள்ள இருபது லைட்டைச் சொருகினான். தரைக்குப் பால் வெள்ளையில ஒரு ரக்கு, நம்ம ஜமக்காளம் மாதிரிதான். நடுவுல கண்ணாடி டீபாய். கடைசியா வந்து இறங்குச்சு சோபா. சந்தனக் கலரு, வெல்வெட்டு, தொட்டா வழுக்கும். ஹாலை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் போகணும்.

குத்தாலிங்கம் பிளாஸ்டிக் கவரைக் கூடப் பிரிக்கல. நம்ம ஆளுங்க எங்க பிரிக்கிறாங்க? கவரோடவே மெதுவா உக்காந்து, மெதுவா சாஞ்சாரு.

படார்! கவரு கிழிஞ்சு, உள்ள பத்துப் பதினஞ்சு ஓட்டை, பஞ்சு வெளிய பிதுங்கிருச்சு. குத்தாலிங்கத்துக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. பெத்த தாய் போனப்போ கூட அவ்வளவு கலங்கல.

ஓணானைக் கூப்பிட்டாரு. அது வந்து ஓட்டையைப் பாத்துச்சு, அவரு முதுகைப் பாத்துச்சு. கழுத்து செவந்துச்சு.

"ஓட்டையை நான் தைச்சுத் தந்துர்றேன் சார். ஆனா தப்பு சோபாவுல இல்ல."

"பின்ன?"

"இந்த ஹால்ல பழசா மிச்சம் இருக்கிறது உங்க முள்ளு மட்டும்தான் சார். நல்லா யோசிங்க. முள்ளை வெட்டினா மறுபடி முளைக்கும். சோபா முளைக்குமா?"

குத்தாலிங்கம் யோசிச்சாரு. புத்தியுள்ளவன் இந்த இடத்துல ஓணானை வாலைப் பிடிச்சுத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருப்பான். இவரு சொன்னாரு: "அட, ஆமால்ல!"

பேச்சியம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "முள்ளை எடுத்துட்டா அப்புறம் நீங்க யாருங்க? கொழுத்த பெருச்சாளி! எனக்குப் பயமா இருக்குங்க. சொன்னா கேளுங்க."

"நாகரிகம் தெரியாதவ நீ. உனக்கும் சேத்து வெட்டச் சொல்லியிருக்கேன்."

"என் மேல ஒரு கத்தி பட்டுச்சு, ஓணான் முதுகுல நூறு முள்ளு நிக்கும்."

ஓணான் உடனே தலையாட்டுச்சு. "மேடத்துக்கு வேண்டாம் சார்."

குத்தாலிங்கத்துக்கு மட்டும் ஒட்ட வெட்டினாங்க. வெட்டின முள்ளையும் ஓணான் விடல. ஒரு நீட்டுச் சாடியில சொருகி ஹால் மூலையில வச்சு, "கார்னர் பீஸு சார்"னுச்சு. குத்தாலிங்கம் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஜிப்பா போட்டு, சோபாவுல சாஞ்சு உக்காந்து, அந்தச் சாடியைப் பாத்துப் பூரிச்சுப் போனாரு. வெட்கங்கெட்ட ஜென்மம்.

முள்ளோட இருந்த பேச்சியம்மாளுக்கு ஹால்ல இடமில்லாமப் போச்சு. சமையக்கட்டுலயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. தப்பித் தவறி ஹாலைத் தாண்டினா, "மெதுவா! மெதுவா! மடக்கிக்கோ! ஒருக்களிச்சுப் போ!"ன்னு இவரு அலறுவாரு. அலறி அலறி ரெண்டே மாசத்துல அவளுக்கும் பழகிப் போச்சு. ஹால் வாசல் வந்தா முள்ளு தானா மடங்கும், உடம்பு தானா திரும்பும். வீட்டுக்குள்ளயே திருடி மாதிரி நடந்தா, பாவம்.

தலைவருக்கு ஓணான் மூலமா அழைப்பு போச்சு: "இல்லம் புதுப்பித்திருக்கிறோம், அவசியம் வரணும்." ஞாயித்துக்கிழமை காலையில பதினொரு மணிக்குச் சிறுத்தை வந்துச்சு.

வாசல்லயே நின்னு மோந்து பாத்துச்சு. அப்பன் பட்ட பாடு மறக்குமா? ஜிப்பாவுக்குள்ள என்ன இருக்கோன்னு ஒரு சந்தேகம். காலை நல்லாத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்து, சோபா நுனியில, எப்ப வேணா எந்திரிச்சு ஓடுற மாதிரி உக்காந்துச்சு.

"ஹால் பிரமாதம் குத்தாலிங்கம்."

குத்தாலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்து போச்சு. "எல்லாம் ஐயா ஆசீர்வாதம்."

"அது என்ன, மூலையில? ஏதோ குச்சி மாதிரி?"

"அதுவா ஐயா? என் முள்ளுதான்! சோபாவுக்கு ஒத்து வரலைன்னு எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம ஐயா!"

சொல்றான் பாருங்க, பெருமையா! சிறுத்தை மெதுவா பின்னால நகர்ந்து, காலு மேல காலு போட்டு, நல்லாச் சாஞ்சு உக்காந்துச்சு.

"எனக்குப் பசிக்குது குத்தாலிங்கம்."

"இதோ ஐயா, காபி..."

"காபி வேண்டாம்."

அப்பத்தான் விளங்குச்சு மரமண்டைக்கு. பழக்க தோஷத்துல முதுகைச் சிலுப்பினாரு. ஜிப்பா லேசா ஆடுச்சு, வேற ஒண்ணும் நடக்கல. "பேச்சி!"ன்னு ஒரு கத்து கத்தினாரு.

சமையக்கட்டுலேருந்து பேச்சியம்மா வந்தா பாருங்க! அத்தனை முள்ளும் விரிச்சு, சலசலன்னு சத்தத்தோட, ஆளு ரெண்டு மடங்கா நின்னா. சிறுத்தைக்கு நாக்கு உள்ள போயிருச்சு. சோபாவுலேருந்து எந்திரிச்சு ஒரு அடி பின்னால வச்சுச்சு. இன்னும் நாலு எட்டுல அவ வந்து சேர்ந்தா புருஷன் பிழைச்சான், கதையும் முடிஞ்சுது.

"மெதுவா!"ன்னு அலறினாரு குத்தாலிங்கம். "மெதுவா பேச்சி! சோபா! சோபா!"

ரெண்டு மாசப் பழக்கம். வாயிலேருந்து அதுதான் வந்துச்சு. அவளுக்கும் அதே பழக்கம்தானே? முள்ளு தானா மடங்குச்சு. உடம்பு தானா ஒருக்களிச்சுச்சு. சோபாவுல உரசாம, டீபாய்ல இடிக்காம அவ வந்து சேர்றதுக்குள்ள, சிறுத்தை பாஞ்சு குத்தாலிங்கம் கழுத்தைக் கவ்விருச்சு.

"ஐயா..." குத்தாலிங்கத்தோட கடைசிப் பேச்சு அதுதான், "ரக்கு வெள்ளை... கொஞ்சம் வெளிய வச்சு..."

சிறுத்தை நாகரிகம் தெரிஞ்சது. தூக்கிக்கிட்டு வெளிய போயிருச்சு. ஹால்ல ஒரு சொட்டு ரத்தம் சிந்தல.

மூணாம் நாள் இரங்கல் கூட்டம். சங்க விதிப்படி தலைவர்தான் தலைமை. எந்த இடத்துல வைக்கலாம்னு யோசிச்சு, காட்டுலயே அதைவிட நல்ல ஹால் வேற இல்லைன்னு குத்தாலிங்கம் வீட்டு ஹால்லயே வச்சாங்க. சிறுத்தை சோபா நடுவுல உக்காந்துச்சு. நரி, முயலு, காட்டுப்பன்றி எல்லாம் வந்திருந்தாங்க.

"தங்கமான மனுஷன்," அப்படின்னு சிறுத்தை ஆரம்பிச்சுச்சு. "மென்மையானவர்."

காட்டுப்பன்றி துக்கம் கேக்க வந்த இடத்துல செவத்தைத் தட்டிப் பாத்துச்சு. முயலு வசீகரன்கிட்ட நம்பர் வாங்குச்சு. "உங்க வீட்டு சீலிங்குக்கு உங்க காது கொஞ்சம் நீளம் மேடம், பாத்துக்கலாம்"னு அவன் தலையாட்டினான். ஒருத்தர் கண்ணுலயும் ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. நரி மட்டும் கண்ணைக் கசக்குச்சு. அதுவும் லைட்டு கூசுனதால.

பேச்சியம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்தா. அவளுக்கு அழுகை வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. 'பாவி மனுஷா, இதுக்காடா செத்த?' அவ ஹாலுக்குள்ள வந்தா. ஒருக்களிக்காம, நேரா வந்தா. சிறுத்தைக்குப் பக்கத்துல போயி, இருக்கிற முள்ளையெல்லாம் விரிச்சு, சோபாவுல சாஞ்சு உக்காந்தா.

சர்ர்ர்ருன்னு மேலேருந்து கீழ வரைக்கும் வெல்வெட்டு கிழிஞ்சுது. பஞ்சு பறந்துச்சு. தொடையில நாலு முள்ளோட தலைவர் ஜன்னல் வழியா ஓடினாரு. அவரு ஓடுனதை யாரும் கவனிக்கல.

ஏன்னா எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. காட்டுப்பன்றி நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. முயலு மயங்கி விழுந்துச்சு. நரி கிழிஞ்ச துணியை மடியில எடுத்து வச்சுக்கிட்டு, "ஐயோ, எப்பேர்ப்பட்ட சோபா! இப்படி அநியாயமாப் போயிருச்சே!"ன்னு ஒப்பாரி வச்சுது. மூணு நாளா குத்தாலிங்கத்துக்கு வராத கண்ணீரு, அன்னைக்கு அந்த ஹால்ல ஆறா ஓடுச்சு.

*

நீதி: உயிருக்கு உத்தரவாதம் தருவார் எவருமில்லை, சோபாவுக்கு ஐந்து வருடம் தருகிறார்கள். எதற்கு அழுவது என்பதை அறிவுடையோர் அறிந்து அழுவர்.