வயிற்றுவாதி

மனிதர்களில் வயிற்றுவாதி என்றோர் இனம் உண்டு. சாப்பாட்டு ராமன் வேறு, இவர் வேறு. கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பெண்களுக்கு ஒரே ஓர் உறுப்புதான் இருக்கிறது, அதன் பெயர் வயிறு என்று நம்புகிறவர் இவர். குழந்தை தங்குவது வயிறு, மாதாமாதம் வலிப்பது வயிறு, பெற்ற பிள்ளை சொன்னபடி கேட்காவிட்டால் பற்றி எரிவதும் அதே வயிறு. சோறு எங்கே போகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நமக்குத் தெரிந்த வயிற்றுவாதி ஓர் உயிரியல் வாத்தியார். சிரிக்காதீர்கள். பூ என்றால் மனிதர் புலி. இதழைப் பிய்த்து, சூலகம், சூல்தண்டு, சூல்முடி என்று தொட்டுக் காட்டி, வகுப்பே தும்மும்படி மகரந்தம் பறக்க நடத்துவார். தவளையை அஞ்சாமல் மல்லாத்துவார். கர்ப்பப்பையும் கருக்குழாயும் சினைப்பையும் படமாக வரும் பாடத்துக்கு வந்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். "இது சுலபம்தான். வீட்டுல படிச்சுக்குங்க" என்று நாலைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்.

ஒருநாள் அவர் மனைவிக்கு வலது பக்கம், சரியாகச் சினைப்பை இருக்கும் இடத்தில், சுருக்கென்று பிடித்து இழுத்தது. ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டரம்மா, "எங்கம்மா வலிக்குது?" என்றார். வயிற்றுவாதியின் மனைவிக்கு வாய் எதற்கு? அவரே முந்திக்கொண்டார்.

"வயித்துலதான் டாக்டர்."

"மேலயா, கீழயா?"

"பொதுவா... வயிறு. நேத்து கொஞ்சம் காரம் சாப்பிட்டா."

வாயுவுக்கு மருந்து கிடைத்தது. மறுநாள் அந்த அம்மாள் சுருண்டு கிடந்தாள். மறுபடியும் அதே டாக்டர், அதே கேள்வி. வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த முறை உண்மையைச் சொல்லியே தீருவது என்று அவர் முடிவு செய்துவிட்டார், பாவம்.

"டாக்டர், பூவுல சூலகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க..."

"சினைப்பை, டாக்டர்! வலது பக்கம்!" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இவரு பூப்பறிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போயிடுவேன்."

ஸ்கேனில் பார்த்தால், சினைப்பையில் கட்டி. கட்டியோடு சேர்ந்து சினைப்பையே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருந்தது. எடுத்துவிட வேண்டியதாயிற்று.

"நேத்தே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "இடது பக்கத்துது நல்லா இருக்கு. முட்டை அதுல உருவாகும். கர்ப்பப்பைக்கும் ஒண்ணும் ஆகல. குழந்தை பெத்துக்கலாம்."

வாத்தியார் நடைபாதையில் நின்று விம்மி அழுதார். மனைவி மேல் உயிரையே வைத்திருந்தவர்; அதில் குறை சொல்ல முடியாது. அப்போது மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, எம்பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல அத்தை. வயித்துல சின்னக் கட்டி. எடுத்தாச்சு."

"நல்லவேளை," என்றார் அந்த அம்மாள். "வயித்தோட போச்சு."

நீங்கள் இந்த இனமே இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். இப்போது யாராவது உள்ளே வந்து, "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம்? "சும்மா, ஏதோ வயித்து வலிக் கதை" என்றுதானே?