ஐஸ்க்ரீம் கடைக் கதவில் என் படம்

சுன்சோன்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி பாங் கி-ஹோ அவர்களுக்கு, தாக் ஜோங்-மான் பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மா குளிர்கால கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் சொல்லி வைத்திருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது இதை வேறு யாரும் சொல்லித் தாங்கள் கேட்கக் கூடாது என்று நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பின் முன்வாசலில் ஆளில்லாத ஐஸ்க்ரீம் கடை ஒன்று இருக்கிறது. நாமே எடுத்து, நாமே மெஷினில் காட்டி, நாமே கார்டைச் செருகிவிட்டு வர வேண்டும். தலைக்கு மேலே நாலு கேமரா. செவ்வாய்க்கிழமை போனால் கதவில் ஒரு படம்: 'பணம் கட்டாமல் போன இவர் உடனே வரவும், வராவிட்டால் போலீஸ்.' முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் மலையேறும் தொப்பி, சிவப்புச் சட்டை, கையில் மீன் வடிவ ஐஸ்க்ரீம் இரண்டு. நான்தான், சம்பந்தி! சனிக்கிழமை நான் வாங்கினதும் அதேதான். கார்டைச் செருகினதும் மெஷின் பொண்ணு குரல்ல என்னமோ சொல்லிச்சு, நன்றி சொல்லுதுன்னு நெனச்சு நானும் "பரவாயில்லம்மா"ன்னுட்டு வந்துட்டேன். 'மறுபடி செருகவும்'னு சொல்லியிருக்குமோ?

முப்பத்தொரு வருஷம் ஒழுக்கப் பாடம் நடத்தின வாத்தியார் நான். மன்னிப்புக் கேட்கலாம்னா கடையில ஆளே இல்ல, போனையும் எடுக்கல. கேமராவப் பாத்துக் குனிஞ்சு வணங்கினேன். சரியாத் தெரியலையோன்னு ஐஸ்பெட்டி மேல ஏறி நின்னு, கார்டை ஆட்டிக் காட்டிட்டு, இன்னொரு தடவை வணங்கினேன். மறுநாள் ரெண்டாவது படம்: 'கேமராவை உடைக்க வந்தவர்'!

பன்னிரண்டு மாடியும் ஏறி வீடு வீடா விளக்கம் சொன்னேன். ஏழாம் மாடி சியோக் சிரிச்சான். "அட வாத்தியாரே, அது நீங்களா! சொல்லலேன்னா தெரிஞ்சே இருக்காதே." உங்க மருமக மி-ரியோங் தலையில அடிச்சுக்கிட்டா. "அப்பா, மூஞ்சியே தெரியாத படத்துக்கு நீங்களே ஏன் பேர் எழுதி ஒட்டுறீங்க?"

நேற்று சரக்கு நிரப்ப வந்த கடைக்காரம்மா பியோவைப் பிடித்துப் பணத்தைக் கையில் திணித்தேன். "விடுங்க ஐயா, பெரியவங்க மெஷின்ல தடுமாறுறதுதான். ஆனா பெட்டி மேல ஏறாதீங்க, அது கண்ணாடி," என்றவர் இரண்டு படத்தையும் கிழித்துவிட்டார். ஆகவே விஷயம் முடிந்தது. எங்கள் குடும்பத்தைப் பற்றித் தாங்கள் வேறு விதமாக நினைத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வரும் குளிர் தங்கள் வீட்டாரை வாட்டாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

தங்கள்,
தாக் ஜோங்-மான்

பின்குறிப்பு: கடைக்காரம்மா இப்பத்தான் போன் பண்ணினார். சனிக்கிழமை நான் சரியாகத்தான் பணம் கட்டியிருக்கிறேனாம். மெஷின் சொன்னது நன்றியேதானாம். படத்தில் இருப்பது வேறு யாரோ. அந்த ஆள் இன்னும் வராததால் முதல் படத்தை மறுபடி ஒட்டிவிட்டார். பன்னிரண்டு மாடியும் அது நான்தான் என்று சத்தியம் செய்கிறது. தயவுசெய்து கல்யாணத்தன்று தாங்கள் உறவினர்களோடு எங்கள் குடியிருப்புக்குப் பின்வாசல் வழியாக வரவும்.